மெட்டில்டா கேட்ட மறு அளவை

மெட்டில்டாவின் பாய்மரப் படகுக்கு எஞ்சின் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் நடந்தவை யாவும் இதிலிருந்தே கிளைத்தவை.

செகந்திராபாத்தில் அல்வாலைத் தாண்டி வடக்கே சென்றால், ஊரார் தெலுங்கில் பெத்த செருவு, அதாவது பெரிய ஏரி, என்று அழைக்கும் ஏரி வரும். அதன் கிழக்குக் கரையில் எங்கள் படகுச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர் நாற்பது பேர், படகுகள் பதின்மூன்று. அவற்றுள் பன்னிரண்டு படகுகளுக்கு எஞ்சின் உண்டு. பதின்மூன்றாவது படகு மெட்டில்டாவினுடையது. ஆறு மீட்டர் நீளம், மரக்கட்டு, வெள்ளைப் பாய். பாயில் 4471 என்று கறுப்பு எழுத்தில் தைத்திருக்கும். பாலாநகர்த் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் கழுத்தில் தொங்கிய டோக்கனின் எண் அது. படகுக்கு வேறு பெயர் கிடையாது.

அந்தப் படகு கரையில் நின்றதில்லை. கரையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, ஏரியின் அடியில், இரண்டு டன் எடையுள்ள காங்கிரீட் பாளம் ஒன்று கிடக்கிறது. அதிலிருந்து எட்டு மீட்டர்ச் சங்கிலி மேலெழுந்து ஒரு செம்மஞ்சள் மிதவையில் முடிகிறது. அந்த மிதவையில் படகின் மூக்கை ஒரு மீட்டர்க் கயிற்றால் கட்டிவிட்டால், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் படகு தானே சுழன்று காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். சங்கத்தில் இதை மூரிங் என்பார்கள். படகை அடைய ஒரு சிறு தோணியில் துடுப்புப் போட வேண்டும். மழைநாளில் நனைய வேண்டும். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கிடையாது. இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் ஈடாக மூரிங் ஒரே ஒரு சலுகையைத் தருகிறது. படகு எப்போதும் காற்றை எதிர்கொண்டு நிற்பதால், பாயை ஏற்றினாலும் அது துணியாய்ப் படபடக்குமே தவிர இழுக்காது. மிதவையை அவிழ்த்துச் சுக்கானைச் சாய்த்தால் புறப்பட்டுவிடலாம். எஞ்சின் வேண்டாம், இரண்டாவது ஆள் வேண்டாம்.

மெட்டில்டாவுக்கு அந்த இரண்டாவது ஆள் வேண்டாம் என்பதே முக்கியம்.

திருமுல்கேரியில் அவர் தம்பி கலேபின் வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தகப்பனார் நெல்லைச் சீமை நாசரேத்திலிருந்து ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து கட்டிய வீடு. மூன்று தம்பி தங்கையரைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்து, தமக்கென்று அதைச் செய்துகொள்ள நேரமில்லாமல் போன மெட்டில்டா அந்த வீட்டின் முன்னறையில் படுக்கிறார். முன்னறைக்குக் கதவு இல்லை. தொலைக்காட்சி அங்கேதான், செருப்பு அடுக்கும் அங்கேதான். யாரும் அவரைக் குறைவாக நடத்துவதில்லை. அன்பான குடும்பம். ஆனால் காலை ஐந்தரை மணி முதல் இரவு பதினொன்று வரை யாராவது ஒருவர் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன், இந்த வயதில் தனியாக நீரில் போவானேன் என்று.

"அண்ணாச்சி, படகுல உக்காந்திருந்தா யாரும், 'யக்கா, கொஞ்சம் காலை மடக்கு, நான் போயிருதேன்'னு சொல்லமாட்டாவ" என்றார்.

நெல்லைச் சீமையை அவர் மொத்தம் நான்கு முறைதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் பேச்சு இன்றும் அப்படியே. கலேபின் பேச்சில் மட்டும் செகந்திராபாத் உருது கலந்துவிட்டது; ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். சங்கத்துக்கு அக்காளைத் தேடி வரும்போதெல்லாம் கரையில் நின்று கூவுவார். "கைக்குக்கா இந்த வேலை? ரிட்டயர் ஆயிட்டே, வீட்ல ஏசி போட்டுக் குடுத்திருக்கேன். நக்கோன்னு சொன்னா கேக்கவே மாட்டியா?" மெட்டில்டா நீரிலிருந்து கையை மட்டும் அசைப்பார். காது கேட்கவில்லை என்று பொருள். காது நன்றாகவே கேட்கும்.

தொழிற்சாலையில் அவர் பார்த்தது ஒயர்க்கட்டுகளைச் சோதிக்கும் வேலை. நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை ஒரே கட்டாகக் கோத்து வருவார்கள். ஒவ்வொரு முனையும் சரியான இடத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேதியும் கையெழுத்தும் இட்ட ஓர் அட்டையை அதில் கட்ட வேண்டும். அங்கே ஒரு விதி இருந்தது: கம்பி கோத்தவர் அதே கட்டைச் சோதிக்கக்கூடாது. எவ்வளவு கைதேர்ந்தவராயினும் தம் வேலையில் தம் பிழை கண்ணில் படாது என்பது அதன் காரணம். முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த விதிக்குள் இருந்தவர், ஓய்வு பெற்றபின் அதை விட்டுவிடவில்லை. தம் மூரிங்கை ஆண்டுக்கு இருமுறை வேறொருவர் சோதிக்க வேண்டும் என்று அவரே சட்டம் வைத்துக்கொண்டார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. சங்கிலியைத் தெப்பத்தின்மேல் இழுத்து வைத்து, ஒவ்வொரு கண்ணியின் கனத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். பிறகு ஓர் அலுமினியத் தகட்டில் தேதியைப் பொறித்து என்னிடம் நீட்டுவார். சோதித்தவர் என்ற இடத்தில் நான் என் முதலெழுத்தைப் பொறிக்க வேண்டும். அதன்பின் அந்தத் தகடு மிதவையின் வளையத்தில் தொங்கும்.

படகு அவரிடம் வந்த விதமும் இதே போன்றதுதான். 2009-இல் சங்கத்தின் பின்புறம், உடைந்த நிலையில், ஆட்டுக்குட்டிகள் படுக்கும் இடமாக அது கிடந்தது. தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இத யாரும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேருந்தில் வந்து, பலகை பலகையாக மாற்றினார். பாய் பிடிக்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கரைப்பாறையில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, அவர்கள் செய்த தவறுகளைத் தனி நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டில் என் பெயர் ஒன்பது இடங்களில் வருகிறது.

2023-இல் சங்கம் மிதவை மேடை ஒன்றை அமைக்க முடிவு செய்தது. கரைக்கு இணையாக நீரில் மிதக்கும் நீண்ட மேடை; அதிலிருந்து ஏரியை நோக்கிக் கைவிரல்கள் போல நீளும் குறு மேடைகள்; இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு படகு நுழைந்து நிற்கும். அந்த இடத்துக்கு ஸ்லிப் என்று பெயர். ஸ்லிப்பில் நின்றால் கால் நனையாமல் படகில் ஏறலாம். குழாய்த் தண்ணீர் உண்டு. முட்டிவலிக்காரர்களுக்குத் தோணி ஏறும் தொல்லை இல்லை. எங்களில் பெரும்பாலோர் முட்டிவலிக்காரர்கள். தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது.

ஆனால் ஸ்லிப்பில் நிற்கும் படகு காற்று திரும்பினால் தானும் திரும்ப முடியாது. பக்கக் காற்றில் அண்டைப் படகின்மேல் சாயும். அந்தக் குறுகிய இடத்துக்குள் எஞ்சின் இல்லாமல் நுழைவது கடினம். ஆகவே விதி ஒன்றும் சேர்ந்து வந்தது: எஞ்சின் இல்லாத படகு ஸ்லிப்பில் இருக்குமானால், அது எப்போதும் இரண்டு பேருடனேயே புறப்பட வேண்டும். மூரிங்குகள் யாவும் எடுக்கப்படும்.

சங்கத் தலைவர் சுதர்சன் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. ஆவடியில் ஆறு ஆண்டுகள் இருந்ததால் தமிழ் பேசுவார். அது தெலுங்கு நடையில் வரும். அந்தக் கூட்டத்தில் மெட்டில்டா எழுந்து, "சார், என் மூரிங் மட்டும் இருக்கலாமா?" என்று கேட்டார். சுதர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெட்டில்டாகாரு, உங்க படகு சுத்தி வந்து மேடைய இடிக்காதுன்னு யாராவது அளந்து சொல்லட்டும். இடிக்காதுன்னா இருக்கட்டும், எனக்கேம் கஷ்டம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் பதினாறாம் நாள், காலை எட்டு மணிக்கு அளந்தேன். மேற்குக் காற்று உரமாக இருந்தது. சங்கிலி இறுகி, படகின் பின்முனை கரைப்பக்கமாக எட்டும் தூரம் எவ்வளவோ அதைப் பாளத்தின் நேர்மேலிருந்து மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். பன்னிரண்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். மேடையின் விரல்முனைகள் வர வேண்டிய கோட்டைப் பதினான்கு மீட்டரில் குறித்தேன். நடுவே ஒன்று எழுபது இடைவெளி. வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். குழு ஏற்றுக்கொண்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மெட்டில்டா சங்கத்துக்கு இரண்டு டின் அச்சு முறுக்குக் கொண்டுவந்தார். வழக்கமாக ஒரு டின்தான்.

பிப்ரவரியில் மேடை வந்து சேர்ந்தது. மார்ச் முதல் வாரம், மெட்டில்டா அல்வாலில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. என் மூரிங்க மே மாசம் ஒருக்க மறுபடி அளந்து சொல்லணும்."

"எதுக்கு? அளந்தாச்சே."

"ஒருக்க அளங்களேன்."

"அளவுல சந்தேகமா?"

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. அது என் படகு. அதப்பத்தி நான் சொல்லக்கூடாது, நீங்கதான் சொல்லணும்."

எனக்குச் சினம் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் என் அளவை மறு அளவைக்குப் போனது இரண்டே முறை. இரண்டிலும் நான் அளந்ததே சரி என்று முடிந்தது. வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். மீண்டும் அதே பதில். ஈஸ்டர் முடிந்து மூன்றாம் முறை வந்து, மோர் குடித்து, அதே வேண்டுகோளை அதே சொற்களில் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி லலிதாம்பாள் தம்ளரை எடுத்தபடி சொன்னாள்.

"மூணு தடவை பஸ் ஏறி வந்துட்டா. போய் அளந்துட்டு வந்தா உங்க கௌரவம் தேஞ்சு போயிடுமா? டேப்தான் தேயும்."

மே நான்காம் நாள் போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏரி சுருங்கி, கரையில் வெடித்த சேறு அகலமாகத் தெரிந்தது. பகல் பதினொன்றுக்கு மேற்கிலிருந்து கோடைக்காற்று எழுந்து சங்கிலியை இறுக்கியது. நாடாவைப் பிடித்தேன். பதினான்கு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்.

நம்பவில்லை. மறுபடி அளந்தேன். பதினான்கு நாற்பது. விரல்முனைகள் நிற்பது பதினான்கில். அதாவது, பலமான மேற்குக் காற்றில் படகின் பின்முனை மேடையை நாற்பது சென்டிமீட்டர் ஊடுருவி இடிக்கும். அன்று இடிக்காததற்குக் காரணம், மெட்டில்டா அதை முந்தின வாரமே எடுத்துத் தற்காலிகமாக நங்கூரமிட்டு அப்பால் நிறுத்தியிருந்ததும், அளவுக்காக மட்டும் மறுபடி மிதவையில் கட்டி, மேடையோரமாகத் தோணியில் நின்று பின்முனையைக் கையால் விரலுக்குப் பக்கமாக ஒதுக்கிப் பிடித்ததுமே.

தோணியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. சங்கிலியின் நீளம் எட்டு மீட்டர். செப்டம்பரில் ஏரி நிறைந்து ஆழம் ஆறு மீட்டர் இருந்தது. சங்கிலியின் பெரும்பகுதி மேலே ஏறுவதற்கே செலவாகி, பக்கவாட்டில் போக ஐந்தேகால் மீட்டரே மிஞ்சியது. மே மாதத்தில் ஆழம் மூன்று மீட்டர். மேலே ஏற வேண்டிய தூரம் பாதியானதால், அதே சங்கிலி பக்கவாட்டில் ஏழரை மீட்டர் வரை போகிறது. நீர் குறையக் குறையப் படகு சுற்றும் வட்டம் பெரிதாகும். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த முக்கோணக் கணக்கு. நான் வாழ்நாளெல்லாம் நிலத்தை அளந்தவன். நிலம் செப்டம்பரில் ஓர் உயரத்திலும் மே மாதத்தில் இன்னோர் உயரத்திலும் இருப்பதில்லை.

"உங்களுக்கு இது முன்னமே தெரியும்" என்றேன்.

மெட்டில்டா பையிலிருந்து நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் மிதவையடியில் கயிறு விட்டுப் பார்த்த ஆழம், தேதி வாரியாக இருந்தது.

"போன வருசம் நீங்க வரைபடம் குடுத்த அன்னிக்குத் தெரியாது. ஜனவரியில நோட்டைப் பொரட்டும்போது பட்டுது. என் கணக்கு தப்பாவும் இருக்கலாம்லா. அதான் உங்கள அளக்கச் சொன்னேன்."

"சொல்லியிருந்தா நான் அப்பவே ஒத்துக்கிட்டிருப்பேன்."

"சொல்லிட்டு அளக்கச் சொன்னா, நான் சொன்னது உங்க கையில ஏறிக்கிடும் அண்ணாச்சி."

சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்கிறேன். நான் அப்போது ஒரு வழி தேடினேன். கோடையில் சங்கிலியை இரண்டு மீட்டர் குறைத்துக்கொண்டு, மழையில் மீண்டும் நீட்டினால் என்ன? அப்படிச் செய்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என் வரைபடமும் நிற்கும், அவர் மூரிங்கும் நிற்கும்.

அவர் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 2016, செப்டம்பர். மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்ததில் ஐந்து மீட்டராய் இருந்த ஆழம் ஒரே இரவில் இரண்டேகால் மீட்டர் ஏறியிருந்தது. "சங்கிலி குட்டையா இருந்திருந்தா படகு மூக்கு குத்தி முங்கியிருக்கும். இதும் பார்த்துட்டேன். பாளத்த அந்தாண்ட தள்ளலாம்னா, அங்கன வெறும் பாறை, நிக்காது. அதுவும் பார்த்துட்டேன்." நோட்டை மூடினார். "கடைசி ஸ்லிப்புல பூர்ணா மேடம் படகு. அவங்க அந்த விரல் முனையில காலைத் தொங்கப் போட்டு உக்காந்து காப்பி குடிக்காவ, தெனமும். ஒரு நாள் கால் நடுவுல மாட்டும். நீங்க எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தேன். அவருடைய மூரிங்கை அவரே மூன்று முறை பேருந்து ஏறி வந்து என்னிடம் கேட்டு இழந்தார் என்பதை அறிக்கையில் எழுத இடமில்லை. இங்கே எழுதுகிறேன்.

குழுக் கூட்டத்தில் என் பிழையைப் படித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சுதர்சன் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார்.

"நல்ல மனசு மெட்டில்டாகாரு. வேற ஆளா இருந்தா வாய மூடிட்டு இருப்பாங்க. ஆனா ரூல் ரூல்தான் கதா. ஸ்லிப்புக்கு வாங்க. கூட ஒரு ஆள் கூட்டிட்டுப் போங்க. கலேப்காரு இருக்காரு, இல்ல?"

கலேப் பார்வையாளராக வந்திருந்தார். "ஹவ், நான் வரேன்" என்றார் தாராளமாக. "ஸ்பீக்கரும் கொண்டு வரேன், பாட்டு கேட்டுக்கிட்டே போலாம்."

மெட்டில்டா தம்பியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கண்டேன். பிறகு மெல்லக் கேட்டார்: "சார், ரெண்டு பேர் எதுக்கு? உள்ள வரையில இடிக்கக்கூடாது, அதுக்குத்தானே? ஒரே ஆள் இடிக்காம உள்ள வந்து, இடிக்காம வெளிய போனா?"

"எஞ்சின் இல்லாம? பாயிலயா?"

"ஆமா."

"நான் பார்த்ததில்ல."

"பார்த்தா?"

சுதர்சன் சிரித்துவிட்டார். "ஜூன் இருபத்திரண்டு, சனிக்கிழமை. மான்சூன் காத்து வந்திருக்கும். ஒரே தடவ. யாரும் கை வைக்கக்கூடாது. ஏதாவது ஒண்ணு தொட்டாலும் ரூல்தான்."

அடுத்த ஆறு வாரங்களில் நான் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். அவர் மூரிங்கை எடுக்க விடவில்லை. பாளமும் சங்கிலியும் மிதவையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், படகு மட்டும் அதில் சுற்றாது என்று கேட்டு வாங்கினார். கடைசி ஸ்லிப்பு மிதவைக்கு நேர் எதிரே இருந்தது. அந்த இடத்தைப் பூர்ணா மேடம் மனமுவந்து மாற்றிக் கொடுத்தார். "என் கால் உங்களாலதான் இருக்கு" என்றாராம்.

பிறகு மெட்டில்டா சங்கத்துக்குத் தெற்கே, மேடையை விட்டுத் தொலைவில், இரண்டு வரிசைகளாகக் காலி டிரம்களை மிதக்கவிட்டு ஒரு பொய் ஸ்லிப்பு உண்டாக்கினார். அதற்கு எதிரே தற்காலிக நங்கூரத்தில் ஒரு மிதவை. முறை இதுதான்: படகு காற்றை எதிர்த்து வந்து மிதவையைப் பிடிக்கும். பாயை இறக்க வேண்டும். நீண்ட கயிறு ஒன்றை மிதவையின் வளையத்தில் நுழைத்து இரண்டு முனைகளையும் படகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், மேற்குக் காற்றே படகைப் பின்பக்கமாகக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். எந்தக் காற்று படகை மேடைமேல் மோதச் செய்யுமோ, அதே காற்றைக் கூலியில்லாத ஆளாக வைத்து, கயிற்றால் அதை அடக்கி, பின்னோக்கி ஸ்லிப்புக்குள் இறங்குவது. வெளியே போகும்போது கயிற்றை இழுத்தால் படகு மிதவையிடம் திரும்பிவிடும். அங்கே பாயை ஏற்றிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையை விட்டுவிட்டுப் போய்விடலாம்.

கேட்க எளிது. பின்னோக்கிப் போகும் படகில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். ஒரு கை கயிற்றில், ஒரு கை கொக்கிக் கழியில். சுக்கானுக்குக் கை இல்லை. முதல் நாள் கயிறு கைநழுவி ஓடி, ஐந்து டிரம்கள் ஏரியில் சிதறின. இரண்டாம் வாரம் படகு குறுக்கே திரும்பி டிரம் வரிசைமேல் படுத்தது. கரையில் நின்ற கலேப், "டிரம்ஸ் கச்சேரி ஹை க்யா அக்கா?" என்று கூவினார். மெட்டில்டா இம்முறை கையை அசைக்கவில்லை. கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. நான் கரைப்பாறையில் உட்கார்ந்து, எந்த முயற்சியில் எந்த டிரம் எத்தனை முறை தொடப்பட்டது என்று எழுதினேன். அவர் ஒருபோதும் தாமாக எண்ணவில்லை. மாலையில் என் தாளை வாங்கிப் பார்ப்பார். முப்பத்தொன்றாம் முயற்சியில்தான் சுக்கானை இடது காலால் பிடிக்கும் வழி கிடைத்தது. நாற்பதாவது முயற்சியில் ஒரு டிரம்கூட அசையவில்லை.

ஜூன் இருபத்திரண்டு. காலை ஒன்பது மணி. வானம் மூடியிருந்தது, மேற்குக் காற்று டிரம்களுடன் பழகிய காற்றைவிட வலுத்திருந்தது. மேடையில் பன்னிரண்டு பேர் நின்றோம். கடைசி ஸ்லிப்பின் விரல்மேல் சுதர்சன் நின்றார். எல்லோருக்கும் தேநீர் வந்தது. யாரும் குடித்ததாக நினைவில்லை.

4471 ஏரியின் நடுவிலிருந்து வந்தது. மிதவைக்கு மூன்று படகு நீளம் முன்பே வேகத்தைக் கொன்று, காற்றுக்கு நேராகத் திரும்பி, நின்றேவிட்டது. கொக்கிக் கழி நீண்டது, வளையம் அகப்பட்டது, பாய் இறங்கியது. கயிறு வளையத்தில் நுழைந்து திரும்பி வந்தது. அவர் பின்னால் போய் உட்கார்ந்து, இடது காலைச் சுக்கானில் வைத்தார். கயிறு மரமுளையைச் சுற்றி விரற்கடை விரற்கடையாக நழுவத் தொடங்கியது. படகு தன் பின்முனையை எங்களுக்குக் காட்டியபடி இறங்கி வந்தது.

பாதி வழியில் காற்று திடீரெனத் தென்மேற்குக்குத் திரும்பியது. பின்முனை வடக்கு விரலை நோக்கிச் சாய்ந்தது. இடைவெளி ஓர் ஆள் நீளம். பிறகு ஒரு கை நீளம். சுதர்சன் குனிந்து படகைத் தாங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்!" என்று மெட்டில்டா அதட்டினார்.

ராணுவத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டளையிட்ட மனிதர் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மெட்டில்டா கயிற்றைச் சட்டென்று இறுக்கி நிறுத்தினார். படகு நின்றது. விடவுமில்லை, இழுக்கவுமில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி ஏரியின் மேற்பரப்பைப் பார்த்தபடி காத்திருந்தார். அரை நிமிடம் இருக்கும். எங்களுக்கு அது நீளமாக இருந்தது. தொலைவில் காற்று பட்டு நீர் கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி வந்து, காற்று மேற்குக்கே திரும்பியது. படகு தானே நேராகியது. கயிறு மறுபடி நழுவத் தொடங்கியது. இரண்டு விரல்களுக்கும் நடுவே 4471 இறங்கி, பின்மேடைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எதையும் தொடவில்லை. நான் குனிந்து பார்த்தேன். பூர்ணா மேடம் மறுபக்கம் குனிந்து பார்த்தார்.

யாரோ கைதட்டினார்கள். கலேப் மட்டும், "அக்கா!" என்றார்.

மெட்டில்டா எழவில்லை. கட்டவுமில்லை. "சார், வெளிய போறதும் காட்டணும்லா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். படகு மிதவையிடம் போயிற்று. வெள்ளைப் பாய் ஏறிப் படபடத்தது. கயிற்றின் முனை வளையத்திலிருந்து நழுவி நீரில் விழுந்தது. காற்று பாயில் நிறைந்தது.

திரும்பி வருவார் என்று எண்ணி எல்லோரும் நின்றோம். அவர் வரவில்லை. பாய் சிறிதாகிக்கொண்டே போய் எதிர்க்கரைப் பாறைகளின் பின்னால் மறைந்தது. சுதர்சன் நாற்காலியில் அமர்ந்து, என் பேனாவை வாங்கி, விதியைத் திருத்தி எழுதினார்: எஞ்சின் இல்லாத படகில் இருவர், அல்லது ஒருவர், அவருடைய திறனை இன்னொரு உறுப்பினர் ஆண்டுக்கு இருமுறை நேரில் சோதித்திருந்தால். இரண்டாம் பாதியை எழுதும் முன் நிமிர்ந்து, "இப்படி எழுதலன்னா அந்தம்மாவே ஒத்துக்கமாட்டாங்க" என்றார்.

மெட்டில்டா இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார். முகத்தில் மழைத்துளிகள் இருந்தன. எதையும் தொடாமல் மறுபடி உள்ளே இறங்கி, இம்முறை கட்டிவிட்டு, பையிலிருந்து ஓர் அலுமினியத் தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தேதி ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருந்தது. சோதித்தவர் என்ற இடம் காலி.

என் முதலெழுத்தைப் பொறித்தேன். திருப்பிக் கொடுக்கும் முன் தோணியில் போய் மிதவையடியில் கயிறு விட்டுப் பார்த்தேன். தேதிக்குக் கீழே, இதுவரை எந்தத் தகட்டிலும் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: ஆழம், மூன்று மீட்டர் இருபது.